நடந்துகொண்டே நின்ற வண்டி

என்னிடம் யாராவது அன்பாகப் பேசினால், இவர்களுக்கு என்ன வேண்டுமாம் என்றுதான் முதலில் யோசிப்பேன். போன வாரம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குரலில் அப்படியொரு பாசம். "மேடம், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க. புதுசா வந்திருக்கற எங்களுக்கெல்லாம் ரொம்ப யூஸ் ஆகும்" என்றாள். நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு பூங்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பியவர்கள், அதன் பிறகு தீபாவளிக்குக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது திடீரென்று என் அனுபவம் எதற்கு? "யார் கேக்கச் சொன்னது?" என்றேன். "யாரும் சொல்லல மேடம், நானேதான் கேக்கறேன்" என்றாள். அந்த 'நானேதான்' கொஞ்சம் அவசரமாக வந்தது. சரி, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுதி முடிப்பதற்குள் உண்மைக் காரணம் எப்படியும் வெளியே வரும் என்று எனக்கு ஒரு கணக்கு இருந்தது.

நான் பார்த்த வேலை இன்னதென்று திருத்தணியில் எங்கள் தெருவில் யாருக்கும் விளங்கியதில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி என்று சொன்னால், "காலைல டிபன் கட்டிகினு போயி விளையாடிட்டு வர்றதுக்குச் சம்பளம் வேற குடுக்கறானா?" என்பார் பாவா. பாவா என் அக்காவின் கணவர். எங்கள் வீட்டில் பாதித் தெலுங்கு. அப்பா எங்களுக்கு நைனா, அக்கா கணவர் பாவா. அவரிடம் பலமுறை விளக்கிப் பார்த்தேன். நான் விளையாடுவதற்குப் போகவில்லை, விளையாட்டை நம்பாமல் இருப்பதற்குப் போகிறேன் என்று. அவர் அதையும் நம்பவில்லை.

அந்த வேலைக்கு நேர்வழியில் வரவில்லை. டிகிரி முடித்ததும் சென்னையில் ஒரு கார்ட்டூன் கம்பெனியில் படம் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. ஒரு பூனை நடந்தால் அதற்கு வரிசையாக எத்தனையோ படங்கள். அதில் எந்தப் படத்தில் பாதம் தரையில் வழுக்குகிறது, எந்தப் படத்தில் மீசை காணாமல் போகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மாமியாரின் நோய் எல்லாம் அந்த ஆண்டுகளுக்குள்ளேயே வந்து போயின. பிறகு கார்ட்டூன் வேலை குறைந்தது. முதலாளி விளையாட்டு தயாரிக்க இறங்கினார். அம்பத்தூரில் ஒரு மாடியைப் பிடித்து, மேசை நாற்காலிகளோடு சேர்த்து என்னையும் அங்கே அனுப்பி வைத்தார்.

எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த விளையாட்டுக்கு 'கொதிகலன்' என்று பெயர். பெட்ரோலும் கம்ப்யூட்டரும் வராமலே போய்விட்ட ஓர் உலகம் அது. எல்லாம் நீராவியில் ஓடும். எங்கே பார்த்தாலும் பித்தளைக் குழாய், பல்சக்கரம், புகைபோக்கி. ஆடுகிறவர் தன் பட்டறையில் வண்டிகளைச் செய்து, படை திரட்டிப் போய், எதிராளியின் கொதிகலனை உடைக்க வேண்டும். வண்டி நகர்வதற்கு நான்கு வழிகள் வைத்திருந்தோம். சக்கரம், டாங்கிக்கு இருக்கிற மாதிரி இரும்புப் பட்டை, பூச்சிக்கு இருக்கிற மாதிரி ஆறு கால், மேலே மிதக்கும் பலூன். எந்த வண்டியின் மேலும் எந்த ஆயுதத்தையும் பூட்டிக்கொள்ளலாம். எங்கள் பாடு முழுவதும் இந்தப் பூட்டிக்கொள்ளலாம் என்பதில்தான் இருந்தது.

சக்கரம் ரோட்டில் பறக்கும், சேற்றில் மாட்டிக்கொள்ளும். பட்டை சேற்றைத் தாண்டும், திரும்புவதற்குள் பொழுது விடியும். கால் வண்டி பாறையிலும் ஏறும், ஆனால் உடம்பு மெலிசு, நான்கு அடி விழுந்தால் முடிந்தது கதை. பலூனுக்குத் தரையைப் பற்றிக் கவலையில்லை, ஒரு ஓட்டை விழுந்தால் கீழே வந்துவிடும். இவற்றின் மேல் கொதிநீர் பீய்ச்சும் குழாய், சங்கிலி கட்டிய ஈட்டி, குண்டு போடும் கூடை, நீளக்குழல் துப்பாக்கி என்று ஆயுதங்கள். எந்த ஜோடியும் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருக்கக் கூடாது, எந்த ஜோடியும் எப்போதும் தோற்றுக்கொண்டே இருக்கக் கூடாது. இதற்குத்தான் பேலன்ஸ் என்று பெயர். ஒரே ஒரு வண்டி எல்லாரையும் அடிக்கிறது என்று தெரிந்துவிட்டால் எல்லாரும் அதையே எடுப்பார்கள். மற்ற வண்டிகளுக்கு உழைத்தவன் உழைப்பு வீண். ஒரு மாதத்தில் ஆடுகிறவர்களும் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள்.

இந்த பேலன்ஸ் வேலைக்குத் தலைவர் தனபால் சார். என்னைப் போலவே யாரையும் நம்பாதவர். ஆனால் எனக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நான் சந்தேகப்பட்டால் போய்ப் பார்ப்பேன். அவர் சந்தேகப்பட்டால் கதவைச் சாத்துவார். ஒரே கேள்வியை ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். பதிலைக் கேட்டதும் "இருக்கட்டும்" என்பார். சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். அந்த "இருக்கட்டும்" கேட்டுவிட்டு வெளியே வருகிறவர்களுக்கு அன்று சாப்பாடு இறங்காது. தன் டீ கப்பைக்கூட ஒரு தட்டால் மூடித்தான் வைப்பார். ஈ விழும் என்பதற்காகவா, வேறு எதற்காகவா என்று எனக்குக் கடைசி வரை சந்தேகம்.

முதலில் நாங்கள் எல்லாரும் ஒரே ஹாலில்தான் இருந்தோம். வண்டி தோற்றால் ஓட்டத்தைப் பார்க்கிறவர்கள் ஆயுதத்தைக் குறை சொல்வார்கள், ஆயுதத்தைப் பார்க்கிறவர்கள் ஓட்டத்தைக் குறை சொல்வார்கள். ஒருவர் கணக்கை ஒருவர் எட்டிப் பார்த்துத் தன் கணக்கைத் திருத்துகிறார்கள் என்று தனபால் சாருக்கு ஒரு நினைப்பு விழுந்தது. அவ்வளவுதான், நடுவில் பிளைவுட் தடுப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஓட்ட அறை, இந்தப் பக்கம் ஆயுத அறை. வேலையைப் பற்றி ஒரு பக்கத்து ஆள் மறுபக்கத்து ஆளிடம் வாயைத் திறக்கக் கூடாது.

ஓட்ட அறையில் வண்டிகளின் ஆயுதங்களைக் கழற்றிவிட்டு ரோட்டிலும் சேற்றிலும் பாறையிலும் ஓட்டிப் பார்ப்பார்கள். ஆயுத அறையில் நாங்கள் வண்டியை ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிறுத்திவிட்டுச் சுட்டுப் பார்ப்போம். நகர்ந்துகொண்டே சுட்டால் எப்படி என்று பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு பலகை இருந்தது. வழவழவென்று ஒரே சீராக நகரும் வெறும் பலகை. ஆயுதத்தை அதன் மேல் வைத்து இழுத்துவிட்டுச் சுடுவோம். ஒரு நேரத்தில் ஒரே எண்ணைத்தான் மாற்றுவோம். மாற்றினால் முதலிலிருந்து எல்லாச் சோதனையையும் திரும்பச் செய்வோம். வெள்ளிக்கிழமை மட்டும் எல்லாரும் முழு ஆட்டம் ஆடுவோம், அவரவர் அறையில் உட்கார்ந்துகொண்டு. இதைவிடச் சுத்தமான முறை இருக்க முடியாது என்றே நானும் நினைத்திருந்தேன்.

ஓட்ட அறையில் கால் வண்டியைச் செய்தவள் ஷமீம். அரக்கோணத்துப் பெண். அவள் அப்பாவும் அண்ணன் ரஃபீக்கும் அங்கே டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார்கள். காலையில் திருத்தணியில் நான் ஏறும் ரயிலில்தான் அரக்கோணத்தில் அவள் ஏறுவாள். என் பக்கத்தில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்து வைப்பேன். மணவூர் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறந்து மாற்றிக்கொள்வோம். என்னை அக்கா என்பாள். கத்திரிக்காய் விலையிலிருந்து கல்யாணப் பேச்சு வரைக்கும் எல்லாம் பேசுவோம், வேலையை மட்டும் பேச மாட்டோம். தனபால் சார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ட்ரெயின்ல ரெண்டு பேரும் என்ன பேசினீங்க?" என்று கேட்டார். "பிரியாணிக்கு எந்த அரிசி நல்லாருக்கும்னு பேசினோம் சார்" என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

கால் வண்டியை வெளியிட்ட புதிதில் யாரும் அதைச் சீண்டவில்லை. பிறகு கம்பெனியே ஒரு போட்டி வைத்தது. அதில் அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு குழு கால் வண்டிகளின் மேல் நீளக்குழலைப் பூட்டிக்கொண்டு, வந்தவர்களை எல்லாம் அடித்து நொறுக்கிப் பரிசை வாங்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்து ஊரெல்லாம் கால் வண்டியை எடுக்க ஆரம்பித்தது. சக்கரமும் பட்டையும் பலூனும் பட்டறையில் தூங்கின. விளையாட்டை விட்டுப் போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், முதலாளி கத்திக்கொண்டே இருந்தார்.

நாங்கள் கால் வண்டியின் எண்களைப் பார்த்தோம். வேகம் சரி, உடல் பலம் சரி. நீளக்குழலின் எண்களைப் பார்த்தோம். வண்டி நின்றிருந்தால் குறி தப்பாது, நகர்ந்தால் குண்டு எங்கேயோ போகும், அதுவும் வைத்தபடியே இருந்தது. எல்லாம் சரியாக இருந்ததுதான் வம்பாகிவிட்டது. வெளியே எல்லாம் ஒழுங்காகக் காட்டிவிட்டு உள்ளே யாரோ எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அப்போதுதான் பரிசு வாங்கிய குழுவில் இருந்தவர்களில் ஒருவர் ஷமீமின் அண்ணன் என்று தெரிய வந்தது.

தனபால் சார் கதவைச் சாத்திக்கொண்டு ஷமீமிடம் பேசினார். வெளியே வந்தவள் முகம் வெளுத்திருந்தது. ரயிலில் சொன்னாள்.

"அடுத்த அப்டேட் வர்றதுக்குள்ள நானே வேலைய வுட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்துடணுமாம். குடுத்துட்டா வெளிய யாருக்கும் சொல்லமாட்டாங்களாம். இல்லாட்டி அவங்களே அனுப்பிடுவாங்களாம்."

"நீ இன்னா சொன்ன?"

"செய்யாததுக்கு எதுக்கு எழுதித் தரணும்? முடியாதுன்னேன். இருக்கட்டும்னாரு."

அலுவலகத்தில் எல்லாரும் அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். "ஷமீமா? சேச்சே! அவ மேல எங்களுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்ல" என்று ஓட்ட அறையில் ஒருவர் பாக்கி இல்லாமல் சொன்னார்கள். சொல்லிவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து அவரவர் வேலையைப் பார்த்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அண்ணன் ஆடுகிறான், தங்கை செய்த வண்டியை எடுக்கிறான், ஜெயிக்கிறான். இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை என்று ஒருவர் சொன்னால் அவர் யோசிக்கவில்லை என்றுதான் அர்த்தம். எனக்குச் சந்தேகம் இருந்தது. அவள் கையால் கொடுத்த சப்பாத்தியைச் சாப்பிட்டுக்கொண்டேதான் சந்தேகப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை அரக்கோணத்தில் இறங்கி ரஃபீக்கின் கடைக்குப் போனேன். என் மகனின் வண்டிக்குப் பிரேக் சரியில்லை என்று ஒரு சாக்கு. அவர் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"ஷமீம் ஆபீஸ் அக்காவா? உக்காருங்க, உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"வேணாம்பா. நீ கொதிகலன் நல்லா ஆடுவியாமே. கொஞ்சம் ஆடிக் காட்டேன்."

அவர் முகம் மாறியது. விஷயம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று அதிலேயே தெரிந்தது.

"அவ வீட்ல கேமப் பத்தி வாயே தொறக்க மாட்டாக்கா. நானா கேட்டாலும் சொல்ல மாட்டா. வாப்பா மேல ஆணையா சொல்றேன்."

"நான் ஒன்னும் கேக்கலியே. ஆடித்தான காட்டச் சொன்னேன்."

போனை எடுத்து ஆடினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கால் வண்டியை விட்டார். அது நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. நடந்தபடியே நீளக்குழலால் சுட்டார். குண்டுகள் போய் வரிசையாகப் பட்டன.

"ஏன் நிறுத்தாமச் சுடற? நின்னாத்தான குறி தப்பாது?" என்றேன்.

"நின்னா நம்மள அடிச்சுருவாங்கக்கா. நடந்துகினே சுட்டாலும் நல்லாத்தான் படுது. அப்புறம் எதுக்கு நிக்கணும்?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நீளக்குழலை நின்றுதான் சுட வேண்டும் என்று விளையாட்டின் குறிப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். எங்களில் ஒருவர்கூட அதை நடந்தபடி சுட்டதில்லை. இவர் நடந்தபடி சுடுகிறார், சுட்டால் படும் என்று தெரிந்து வைத்திருக்கிறார். யாராவது சொல்லாமல் எப்படித் தெரியும்? ஷமீம்தான் செய்திருக்கிறாள் என்ற பக்கமே தராசு சாய்ந்தது. அன்று எனக்கு வந்த கோபம் அவள் மேல் வந்த கோபம்தான், மறைக்க ஒன்றுமில்லை. என்னோடு சேர்ந்து சாப்பிட்டவள் என்னையே ஏமாற்றிவிட்டாளே என்று இருந்தது. ஆனாலும் தனபால் சாரிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. எப்படிச் செய்தாள் என்று தெரியாமல் செய்தாள் என்று மட்டும் சொல்வது என் தொழிலுக்கு அழகில்லை.

அந்த வாரம் அக்காவுக்கு ஒரு வேண்டுதல் நிறைவேற்ற வேண்டியிருந்தது. பேத்திக்கு உடம்பு தேறினால் திருத்தணி மலையில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுகிறேன் என்று முருகனிடம் சொல்லியிருந்தாள். அவள் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு முன்னால் போக, கற்பூரப் பொட்டலத்தோடு நான் பின்னால். ஒரு படி ஏறு, நில், குனி, கும்பிடு. இன்னொரு படி ஏறு, நில். பின்னால் வருகிறவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். பாவா மட்டும் கூடவே ஏறிக்கொண்டு போனில் போட்டோ எடுத்துத் தள்ளினார்.

மண்டபத்தில் கொஞ்சம் உட்கார்ந்தபோது போனை என்னிடம் நீட்டினார்.

"பாரு இந்திராணி, ஒரு போட்டோகூட ஆடல. கோயிலுக்கு வந்து நடந்துகினே எடுத்தா எப்பவும் கலங்கிப்போவும். இன்னிக்கு ஏறிகினேதான் எடுத்தேன், அத்தனையும் பளிச்சுன்னு கீது."

"எப்படி பாவா?"

"நான் எங்க நடந்தேன்? உங்கக்கா படிக்குப் படி நிறுத்தறா. அவ நிக்கறப்ப நானும் நிக்கறேன், கிளிக் பண்றேன். ஏறுன மாதிரியும் ஆச்சு, நின்ன மாதிரியும் ஆச்சு."

கற்பூரப் பொட்டலம் என் கையிலிருந்து விழுந்தது. அக்கா ஏதோ அபசகுனம் என்று பதறினாள். எனக்கு மறுநாள் ஆபீஸ் திறக்கும் வரை பொறுக்கவில்லை. வேண்டுதலைப் பாதியில் விட்டால் அக்கா கொன்றுவிடுவாள் என்பதால் மட்டும் மேலே வரை ஏறினேன்.

மறுநாள் ஆயுத அறையில் நான் செய்தது, அதுவரை எங்களில் யாரும் செய்யாத ஒரு காரியம். நிஜமான கால் வண்டியின் மேல் நிஜமான நீளக்குழலைப் பூட்டி, நிறுத்தாமல் நடக்கவிட்டுச் சுட்டேன். பட்டது. மறுபடி சுட்டேன், மறுபடியும் பட்டது. பிறகு வண்டியின் நடையை மெதுவாக ஓடவிட்டு, பழைய கார்ட்டூன் நாட்களைப் போல ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். கால் எடுக்கும்போது உடம்பு நகர்கிறது. கால் ஊன்றும்போது உடம்பு கண் சிமிட்டும் நேரம் அசையாமல் நிற்கிறது. பிறகு அடுத்த அடி. நீளக்குழல் சுடுவதற்கு முன் வண்டியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: இப்போது நிற்கிறாயா? ஓடுகிற சக்கரம் 'இல்லை' என்று சொல்லும். எங்கள் சோதனைப் பலகையும் 'இல்லை' என்று சொல்லும். கால் வண்டி அடிக்கு அடி 'ஆமாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. துப்பாக்கி அந்த 'ஆமாம்' வரும் வரை இம்மி நேரம் காத்திருந்து சுட்டது. யாரும் எதையும் ஒளித்து வைக்கவில்லை. விதியை எழுதிய நாங்கள் விதிப்படியே நின்று நின்று சுட்டோம், விதியைப் படிக்காத ஊரார் நடந்தபடி சுட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

தனபால் சாரிடம் போய்ச் சொன்னேன். தட்டை எடுத்து டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி மூடினார். "சரி, அப்டேட்ல சரி பண்ணிடலாம். வெளிய சின்னத் திருத்தம்னு போட்டுக்கலாம். நீங்க போய் வேலையப் பாருங்க இந்திராணியம்மா" என்றார்.

"ஷமீம் விஷயம் சார்?"

"இருக்கட்டும்."

அந்தத் தடவை நான் அதை இருக்க விடவில்லை. பிளைவுட் தடுப்பின் கதவைத் திறந்து வைத்து, ஓட்ட அறைக்காரர்களை எல்லாம் இந்தப் பக்கம் வரச் சொன்னேன். சத்தம் கேட்டுத் தனபால் சாரும் தன் அறையிலிருந்து வந்துவிட்டார். அவர்கள் தனபால் சாரைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஷமீம் கடைசியாக வந்து கதவோரம் நின்றாள். நான் என் நாற்காலியைச் சார் பக்கம் திருப்பினேன்.

"நான் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க சார். நம்பவும் வேணாம். நீங்களே உக்காந்து நடந்துகினே சுட்டுப் பாருங்க."

எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கால் வண்டி நடந்தது. சுட்டார், பட்டது. திரும்பவும் சுட்டார். திரும்பவும் பட்டது. பிறகு வண்டி கால் ஊன்றும் இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கால் ஊனும்போது உடம்பு நிக்கணும்னு யார் சொன்னது?" என்று கேட்டார்.

கதவோரத்திலிருந்து ஷமீம் சொன்னாள். "நீங்கதான் சார். மொதல்ல நான் சீரா நகர்ற மாதிரிதான் செஞ்சேன். கால் தரையில வழுக்குற மாதிரி கீது, ஒவ்வொரு அடிக்கும் நிறுத்துன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் மவுசை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். "ஆமா. நான்தான் சொன்னேன்" என்றார். எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிளைவுட் தடுப்பு கொஞ்ச நாளில் காணாமல் போனது. யார் எடுக்கச் சொன்னார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ரயிலில் ஷமீம் சிரித்துக்கொண்டே வருவாள் என்று நினைத்தேன். வந்து உட்கார்ந்தாள். திருவள்ளூர் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் கடைக்குப் போயிருந்தீங்களாமே."

"ஆங், போனேன்."

"பிரேக்குக்கா?"

"இல்ல. உன் மேல சந்தேகப்பட்டுத்தான் போனேன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "ஆபீஸ்ல அத்தினி பேரும் என் மேல சந்தேகமே இல்லன்னாங்க. நீங்க மட்டும்தான்…" என்று நிறுத்திக்கொண்டாள்.

"அவங்க சொன்னாங்க. சொல்லிட்டு சாப்பிடப் போனாங்க. எனக்குச் சந்தேகம் இருந்துச்சு, அதனால கடைசி வரைக்கும் போயிப் பாத்தேன்" என்றேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, இன்றும் அப்படித்தான் படுகிறது. அவளுக்கு அப்படிப் படவில்லை. "தேங்க்ஸ் மேடம்" என்றாள். அக்கா மேடமாகிவிட்டது. மறுநாளிலிருந்து லேடீஸ் பெட்டியில் ஏற ஆரம்பித்தாள். நான் கொஞ்ச நாள் அரக்கோணம் வரை பையை வைத்து இடம் பிடித்தேன். நின்றுகொண்டு வருகிறவர்கள் முறைத்தார்கள், விட்டுவிட்டேன். ஓய்வு பெறும் வரை ஆபீசில் நல்லபடியாகத்தான் பேசினாள், எப்போதும் மேடம்தான். அது எனக்கு வலித்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு, கட்டுரையை எப்படி முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நேற்று ஷமீமே போன் செய்தாள். தனபால் சார் போன பிறகு அவர் நாற்காலியில் இப்போது அவள்தான்.

"யார் கேக்கச் சொன்னதுன்னு கேட்டீங்களாமே. நான்தான் மேடம் கேக்கச் சொன்னேன். நேரா பேசக் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு."

"தெரியும். விஷயத்தச் சொல்லு."

இப்போது மனிதர்கள் உட்கார்ந்து சோதிப்பதில்லையாம். கம்ப்யூட்டரே தனக்குத்தானே ஆயிரக்கணக்கில் ஆடிப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிடுமாம். ஆனால் வெளியே பலூன் வண்டி எல்லாரையும் அடிக்கிறது. எண்கள் எல்லாம் சரி. பலூனைச் செய்த பெண்ணின் மேல் முதலாளிக்குச் சந்தேகம். போன வாரம் என்னிடம் பாசமாகப் பேசினாளே, அவள்தான் அந்தப் பெண்.

"அவ செஞ்சிருக்க மாட்டா மேடம். எனக்கு நல்லாத் தெரியும். ஆபீஸ்ல யாரக் கேட்டாலும் அவ மேல சந்தேகமே இல்லன்றாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதான் எனக்குப் பயமா கீது. நீங்க ஒரே ஒருதரம் வந்து அவளச் சந்தேகப்படுங்கக்கா."

நாளைக் காலை வண்டிக்குப் போகிறேன். அரக்கோணத்தில் ஏறிக்கொள்கிறேன், இடம் போட்டு வையுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஜன்னலோரம் பையை வைத்து இடம் பிடித்து வைப்பேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் நம்புவேன்.